கூப்பிடு தூரம்

மேலூர் சாலை முனையில் தண்டோராச் சத்தம் எழும்பியபோது வேலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"கொள்ளிடத்துல தண்ணி தொறந்து விட்டாச்சு! ஆத்துக்குள்ள யாரும் எறங்காதீங்க! மாடு கன்னு மேய்க்கிறவங்க சீக்கிரம் கரை ஏறிடுங்க!"

தெருப் பிள்ளைகள் கைகொட்டிக்கொண்டு தண்டோராக்காரன் பின்னால் ஓடினார்கள். பக்கத்து வீட்டில் யாரோ, "மேட்டூர் நெறஞ்சு வழியுதாம். இந்த வருஷம் ஆடி நமக்குத்தான்" என்று சிரித்தார்கள். ஸ்ரீரங்கம் முழுக்கச் சந்தோஷம். வேலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் புருஷன் அந்தக் கொள்ளிடத்தின் நடுவில் இருந்தார்.

கேப்டன் வீரமலை அங்கே ஏன் போனார் என்று இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வார்த்தை. லால்குடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பர்மாச் சண்டைக்குப் போய்க் கேப்டனாகத் திரும்பி வந்தார். துப்பாக்கி போதும் என்று சட்டம் படித்து, திருச்சி கோர்ட்டில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டார். சம்பாதித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் உயிரைக் கொடுத்து வாதாடுவதெல்லாம் பீஸ் கொடுக்கத் தெரியாத கட்சிக்காரர்களுக்காக. ஏரி, தோப்பு, கொக்கு, குருவி. இப்போது நாரைத் திட்டு.

ஆற்றின் நடுவே பழைய மருத மரங்கள் நிற்கும் மணல் மேடுதான் நாரைத் திட்டு. வருஷம் தவறாமல் நாரையும் வக்காவும் அங்கே கூடு கட்டும். செங்கல் காளவாய் வைத்திருக்கும் ரங்கசாமிக்கு அதில் பட்டுப்போன மரங்களை மட்டும் வெட்டிக்கொள்ள உத்தரவு இருந்தது. பச்சை மரங்களும் சேர்ந்து விழுந்தன. மிச்ச மரங்களிலிருந்து பறவைகளை விரட்டுவதற்காகத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று கேப்டன் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. தண்ணீர் வந்தால் வெட்டிய அடிமரங்கள் முழுகிவிடும், அதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று காலையிலேயே காமிராவும் பைனாகுலரும் காக்கித் தொப்பியுமாகக் கிளம்பிவிட்டார்.

"தண்ணி வரப்போவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கானே" என்று அப்போது சொல்லிப் பார்த்தாள் வேலம்மாள்.

"நாளைக்குத்தான் இங்க எட்டும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். இப்ப நடந்தே போகலாம், முழங்கால் தண்ணிகூட இல்லை."

"முன்னாடியே தொறந்துட்டா? தண்டோரா போட்டா உங்களுக்கு..."

"நான்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவனாச்சே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கீரையை அப்படியே போட்டுவிட்டு வேலம்மாள் முன்னறைக்கு ஓடினாள். அங்கே கேப்டனின் ஜூனியர் ஹனீஃபா டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வக்கீலாகப் பதிவு செய்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கேப்டன் நடந்தால் நடை, நின்றால் நிலை என்று அவரையே பார்த்து வளர்கிற பையன்.

"தம்பி, ஐயா இன்னும் வரலியே."

"தண்டோரா காலையிலேர்ந்தே கரையெல்லாம் போட்டுக்கிட்டு இருக்காங்கம்மா. சார் கேட்டிருப்பாரு. இந்நேரம் கரையில நின்னு தண்ணி வர்றதை வேடிக்கை பார்த்துக்கிட்டிருப்பாரு. பயப்படாதீங்க."

கேட்டிருப்பாராம்.

வேலம்மாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பதினைந்து வருஷமாக மூடி வைத்த வாய் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடுமா?

பர்மாவில் பக்கத்தில் விழுந்த ஒரு குண்டு கேப்டனின் இடது காதைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. அது அவளுக்கும் மகளுக்கும் தெரியும். வெளியே மூச்சு விட்டதில்லை. காது கேட்காத வக்கீலிடம் எவன் கேஸ் கொடுப்பான்? வேலம்மாள் எங்கே போனாலும் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தாள். கோர்ட்டில் ஹனீஃபா வலப்பக்கம்தான் நிற்க வேண்டும். அது பட்டாளத்து ஒழுங்கு என்று அந்தப் பிள்ளை இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தான்.

மகளுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. போன வருஷத்திலிருந்து வலது காதும் போய்க்கொண்டிருந்தது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். ஜட்ஜ் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். சாட்சியும் எதிரில். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது என்பது இந்த உலகத்தில் வேலம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். இருவரும் கொள்ளிடக் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். திட்டுப் பக்கமிருந்து டுமீர், டுமீர் என்று இரண்டு சத்தம். பறவைகள் மொத்தமாக எழும்பி வானத்தைக் கறுப்பாக்கின. கேப்டன் பறவைகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?"

"துப்பாக்கிங்க. ரெண்டு தடவை சுட்டாங்க."

அவ்வளவுதான் நடந்தது. பிரமாணப் பத்திரத்தில் ஏறியது என்னவோ, 'இரண்டு முறை துப்பாக்கி வெடித்த சத்தத்தை நான் என் காதால் கேட்டேன்' என்று. ஹனீஃபா டைப் அடித்தான். கேப்டன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.

"நீங்க கேக்கலையே" என்று அன்றைக்கே அவள் கேட்டாள்.

"நீ கேட்டா நான் கேட்டதுதான். பின்னே உன்னைக் கூண்டுல ஏத்தச் சொல்றியா? ரங்கசாமி பக்கத்து வக்கீல் ஒரு மாதிரி. பொம்பளைன்னு பார்க்க மாட்டான், நாலு பேர் சிரிக்கிற மாதிரிதான் கேட்பான்."

அவளுக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. கோர்ட் என்றாலே அவளுக்குப் பயம். தப்பித்தோம் என்று இருந்துவிட்டாள்.

இப்போது அவருக்குக் காது கேட்காது என்று சொன்னால் அந்தப் பத்திரம் பொய் என்று சொன்னதாகிவிடும். வழக்கு போகும், திட்டு போகும், வக்கீல் தொழில் செய்கிற சன்னதும் போகும். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில்கூட உண்டு என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"வண்டி கூப்பிடு தம்பி" என்று மட்டும் சொன்னாள். "நேர்ல போய்ப் பார்த்துடலாம்."

வாசலில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள் மகள் செண்பகம். காலேஜ் முதல் வருஷம்.

"அம்மா! பாலத்துல ஒரே கூட்டம்மா! புதுத் தண்ணியைப் பார்க்க..." என்றவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னம்மா?"

"ஏறு வண்டியில."

குதிரை வண்டி வடக்கே போனது. வழியெல்லாம் ஜனங்கள். பூக்கூடையும் தேங்காய் பழத் தட்டுமாகப் பெண்கள் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புது வெள்ளம் வந்தால் கர்ப்பூரம் ஏற்றிக் கும்பிடுவது இந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு தட்டு எதிர்ப்படும்போதும் வேலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டிக்காரன் குதிரையைத் தட்டி விடாமல், வருகிற போகிறவர்களிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரித்துக்கொண்டே போனான். அவனை இறக்கிவிட்டுத் தானே ஓட்டலாமா என்றிருந்தது அவளுக்கு.

"அம்மா, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் செண்பகம். முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் இருந்த ஹனீஃபாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு வலது காது நல்லாத்தானே கேக்கும். வந்திருப்பாரு."

வேலம்மாள் மகளின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கரை ஏறியதும் ஆறு தெரிந்தது.

காலையில் வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரையோரப் பள்ளம்தான் முதலில் நிரம்பும். நிரம்பிவிட்டது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆள் இறங்க முடியாத வேகம். திட்டு இன்னும் மேலே தெரிந்தது. மருத மரங்களின் கீழே, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காக்கித் தொப்பி.

"அப்பா!" என்று கத்தினாள் செண்பகம்.

கூப்பிடு தூரம்தான். யாராக இருந்தாலும் காதில் விழுந்திருக்கும். தொப்பி திரும்பவில்லை. பைனாகுலரை மேலே தூக்கிக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பித் திரும்பிப் பார்க்கிற மனிதர் பறவையைக் கண்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். இது வேலம்மாளுக்குத் தெரியாதா? தெரிந்தும் காலையில் அனுப்பிவைத்தாளே!

"சார்! சார்!" என்று ஹனீஃபா தொண்டை கிழியக் கத்தினான். கூட்டத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஒருவன் விசில் அடித்தான். ரங்கசாமியின் காளவாய்க் கொட்டகை கரையிலேயே இருந்தது. கூலியாட்களைக் கூப்பிடுவதற்காக அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ கம்பியால் அடித்தார்கள். ணங் ணங்கென்று கரையே அதிர்ந்தது.

தொப்பி அசையவில்லை.

"பாருய்யா கெத்தை! காதுல வாங்கிக்க மாட்டேங்கிறாரே" என்றான் ஒருவன்.

"பட்டாளத்துக்காரரு. தண்ணிக்கெல்லாம் பயப்படுவாரா? வெள்ளத்துல நின்னு படம் புடிக்கணும்னே இருக்காரு" என்று இன்னொருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

வேலம்மாள் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் கண் இருந்தது. கண்ணெதிரில் ஒரு மனிதர் சாகப்போகிறார் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"பரிசல் இருக்கா?" என்று ஹனீஃபா கேட்டான்.

இருந்தது. ஒன்றே ஒன்று. ரங்கசாமியின் கொட்டகை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. மரம் ஏற்றுவதற்காக வைத்திருந்தது. பரிசல் ஓட்டும் பிச்சமுத்து அதன் பக்கத்திலேயே நின்று முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரங்கசாமி கட்டையான மனிதர். கழுத்தில் உத்திராட்சம். பக்கத்தில் அவருடைய வக்கீலின் குமாஸ்தா பஞ்சநதம், செவ்வாய்க்கிழமை விசாரணைக்காக எதையோ பேச வந்தவர், மடித்த குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வேலம்மாள் நேராகப் போய் ரங்கசாமியின் முன்னால் நின்றாள். எதிர்க்கட்சிக்காரரிடம் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஐயா, பரிசலை அனுப்புங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"அம்மா, நான் மாட்டேன்னு சொல்லலை" என்றார் ரங்கசாமி. குரலில் வெறுப்பு இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "பிச்சமுத்துவுக்கு நாலு புள்ளைங்க. இந்த வேகத்துல அவனை எறக்கிவிட்டு அவன் போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? உங்க வீட்டுக்காரர் வர்றேன்னு கையை ஆட்டட்டும். இந்த நிமிஷம் அனுப்பறேன். காலையிலேர்ந்து தண்டோரா, இவ்வளவு பேர் கத்துறோம், தண்டவாளம் அடிக்கிறோம். திரும்பியே பார்க்கலையே! வேணும்னே உக்காந்திருக்கிறவரைக் கொண்டாரதுக்கு நான் ஏன் ஒரு உயிரைப் பணயம் வைக்கணும்?"

"நாளைக்குக் கோர்ட்ல வந்து, என்னை வெள்ளத்துல விட்டுட்டு வேடிக்கை பார்த்தாங்கன்னு இன்னொரு அபிடவிட் போடுவாரு" என்றார் பஞ்சநதம்.

வேலம்மாள் ஆற்றைப் பார்த்தாள். திட்டின் ஓரத்து நாணல் வளைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் வைத்திருந்த தோல் பை வேர்மேல் இருந்தது. அதன் அடியைத் தண்ணீர் தொட்டது. அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கசாமி சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. காது கேட்கிற மனிதராக இருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றாள்.

பின்னால் ஹனீஃபா சட்டென்று திரும்பியது தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"என்னது?" என்றார் ரங்கசாமி.

"அவருக்குக் காது கேக்காது. நீங்க கூப்பிட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. தண்ணி வந்ததே தெரியாது. பரிசலை அனுப்புங்க ஐயா!"

பஞ்சநதம் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். குரல் வெல்லமாக இருந்தது.

"எத்தனை நாளாங்கம்மா?"

"பர்மாவுலேர்ந்து."

"ஒரு காதா, ரெண்டு காதுமா?"

ஒரு காது என்று சொல்லலாம். சொன்னால் பத்திரம் பிழைக்கும். மறு காது கேட்குமே, அப்புறம் ஏன் திரும்பவில்லை என்று ரங்கசாமி கேட்பார். பிச்சமுத்து நின்ற இடத்திலேயே நிற்பான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் எதை அழிக்கும் என்று வேலம்மாளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வக்கீல் வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள்.

"ரெண்டும்" என்றாள்.

ரங்கசாமி அதற்குமேல் நிற்கவில்லை. "டேய் பிச்சமுத்து! தூக்குடா! மேற்கால கொண்டுபோய் எறக்கு, தண்ணியே உன்னைத் திட்டுக்குக் கொண்டு விட்டுடும்! கயிறு எடுத்துக்க!" என்று கத்திக்கொண்டே தானும் பரிசலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அந்த மனிதரைப் பற்றி இதுவரை எத்தனையோ எழுதியாயிற்று. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பரிசலைக் கரையோடு தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் மேற்கே ஓடினார்கள். தண்ணீரில் இறங்கியதும் அது பம்பரமாகச் சுற்றியது. பிச்சமுத்து துடுப்பை ஊன்றி ஊன்றிப் போராடினான். கூட்டத்தில் இப்போது சிரிப்பில்லை. பூவும் கர்ப்பூரமுமாக வந்த பெண்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் பறவைகள் எழும்பின. திட்டின் கீழ்ப்பக்கத்து மரம் ஒன்று சாய்ந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஒரே சமயம் எழும்பிக் கத்தின. காக்கித் தொப்பி திரும்பியது.

கேப்டன் தண்ணீரைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். அத்தனை ஜனத்தைப் பார்த்தார். அவர் முகம் அங்கிருந்து தெரியவில்லை. ஆனால் தோள் ஒரு கணம் தொய்ந்து போனதை வேலம்மாள் பார்த்தாள். சண்டைக்கே போய் வந்த மனிதருக்கு அந்த நிமிஷம் என்ன பயம் வந்திருக்கும்! அவர் பையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மருத மரத்தின் வேர்மேல் ஏறினார்.

பரிசல் திட்டை நெருங்கியது. வேகம் அதைத் தள்ளிக்கொண்டுபோய்த் திட்டின் மறுபக்கத்துக்கு இழுத்தது. கண்ணுக்கு மறைந்தது.

வரவில்லை.

"ரெங்கநாதா, ரெங்கநாதா" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். ஹனீஃபா, "யா அல்லா" என்றான். செண்பகம் அம்மாவின் புடவையைச் சின்னக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டாள். வேலம்மாளுக்குச் சாமி பேரே ஞாபகம் வரவில்லை. வேரின்மேல் ஆள் இல்லை. அது மட்டும்தான் கண்ணில் பட்டது. தண்ணீர் வேரையும் மூடிவிட்டது.

"அதோ!"

கீழ்ப்பக்கம் வெகுதூரம் தள்ளிப் பரிசல் வெளியே வந்தது. அதற்குள் இரண்டு தலை.

கூட்டம் அதைப் பார்த்து ஓடியது. வேலம்மாளால் ஓட முடியவில்லை. மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றின் வளைவில் பரிசல் கரை தட்டியது. கேப்டன் இடுப்பளவு நனைந்திருந்தார். முதலில் பிச்சமுத்துவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு அப்புறம்தான் தான் இறங்கினார். அவன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். ரங்கசாமியைப் பார்த்துக் கைகூப்பினார். ரங்கசாமி தர்மசங்கடமாகத் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு கேப்டன் மனைவியைத் தேடினார். ஐந்தாறு பேருக்குப் பின்னால் அவள் நின்றாள். கண்கள் சந்தித்தன.

வேலம்மாள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

'சொல்லிட்டேன்.'

பக்கத்தில் நின்ற யாருக்கும் அது கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. வெள்ளத்தைப் பார்த்தபோதுகூட இப்படி ஆகியிருக்காது.

அந்தச் சமயத்தில் பஞ்சநதம் மெல்ல நடந்து கேப்டனின் பின்னால், இடப்பக்கமாகப் போய் நின்றார். நிதானமாக, நல்ல கனத்த குரலில் கூப்பிட்டார்.

"கேப்டன் சார்."

கேப்டன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் வீரமலை சார், உங்களைத்தான். செவ்வாய்க்கிழமை கோர்ட்ல பார்ப்போமா?"

தலை திரும்பவில்லை. பஞ்சநதம் வேலம்மாளைப் பார்த்துப் பணிவாக ஒரு கும்பிடு போட்டார். குடையை விரித்துக்கொண்டு, வந்த வேலை முடிந்தவராக, சாலைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

வண்டியில் ஏறும்போது ஹனீஃபா ஏறவில்லை.

"வா தம்பி" என்றாள் வேலம்மாள்.

"அந்தப் பத்திரத்தை டைப் அடிச்சது நான்ம்மா" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. "சார் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இருக்காதுன்னு நாலு பேர்கிட்டே பெருமையா சொல்லியிருக்கேன். எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பதிலுக்குக் காத்திராமல் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

வண்டியில் வேலம்மாள் முதல் தடவையாகக் கேப்டனின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவருக்குக் கேட்காது. செண்பகத்துக்குக் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொழுது சாயும்போது கேப்டன் குளித்து உடுத்தி ஆபீஸ் அறையில் வந்து உட்கார்ந்தார். டைப்ரைட்டர் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது.

"ஹனீஃபா எங்கே?"

வேலம்மாள் கையை விரித்தாள். அவர் புரிந்துகொண்டார்.

வேலம்மாள் எதிரில் வந்து நின்றாள். "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"எதுக்கு? உயிரோட வச்சிருக்கியே, அதுக்கா?" என்றார். சிரிக்கப் பார்த்தார். "தப்பு என்னுது. கூப்பாடு போட்டாலும் கேட்காதவன் கேட்டேன்னு சத்தியம் பண்ணினேன். செவ்வாய்க்கிழமை நானே எழுந்திருச்சு ஒத்துக்கிடறேன். சன்னது போனா போகட்டும்."

"திட்டு?"

"தடை உடைஞ்சிடும். தண்ணி வடிஞ்ச மறுநாளே கோடாரி விழும்."

"கேட்டது நான்தானே. நான் கூண்டுல ஏறிச் சொல்றேன்."

"வேணாம்."

"நான் சொன்னதை நம்பித்தானே நீங்க..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சண்டையை முடிக்கிற விதம் அது. உதட்டைப் பார்க்காவிட்டால் வார்த்தை அவருக்கு வராது. மேஜையிலிருந்து நனைந்த காமிராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வேலம்மாள் நகர்ந்து அவருடைய இடத்தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதுதான் கூண்டு. தொண்டையைச் செருமினாள்.

"நான் சொல்றதெல்லாம்..." குரல் உடைந்தது. மறுபடியும் ஆரம்பித்தாள். "நான் சொல்றதெல்லாம் உண்மைங்க. எம் பேரு வேலம்மாள். ஆனி மாசம் ஒரு சாயங்காலம் நானும் எங்க வீட்டுக்காரரும் கொள்ளிடக் கரையில நடந்துக்கிட்டு இருந்தோம். திட்டுப் பக்கத்துலேர்ந்து ரெண்டு தடவை துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. நான் கேட்டேன்."

சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா? வார்த்தை வந்துவிட்டது. சொன்னது காதில் விழாமல் கேப்டன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

செண்பகம் வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அவங்க வக்கீல் உன்னை ஒண்ணு கேப்பாரும்மா" என்றாள். அப்பாவின் பிள்ளை. குரலில் பயம் இருந்தாலும் கேள்வி நேராக வந்தது. "துப்பாக்கிச் சத்தம்னு சொல்றீங்களே, இதுக்கு முன்னாடி எப்பவாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கீங்களான்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?"

வேலம்மாள் வாயைத் திறந்தாள்.

அவள் பிறந்த ஊரில் துப்பாக்கி கிடையாது. வாழ்ந்த தெருவிலும் கிடையாது. புருஷன் சண்டையில் இருந்தபோது அவள் கழனியில் இருந்தாள். கல்யாண ஊர்வலத்து அதிர்வேட்டு கேட்டிருக்கிறாள். கோயில் திருவிழாவில் வாணம் வெடிக்கக் கேட்டிருக்கிறாள். ஆனி மாதம் கல்யாண மாதம். அன்று சாயங்காலம் அக்கரையில் நாகஸ்வரம் வாசித்த மாதிரிகூட இப்போது ஞாபகம் வந்தது. வந்ததா, பயத்தில் மனசு தானாகக் கட்டிவிடுகிறதா?

துப்பாக்கிச் சத்தத்தை ஆயிரம் சத்தத்துக்கு நடுவில் பிரித்துச் சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான் அன்று அந்தக் கரையில் இருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை.

"சொல்லும்மா" என்றாள் செண்பகம்.

நாற்காலியைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது. அந்த அசைவை உணர்ந்தோ என்னவோ, கேப்டன் துடைப்பதை நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார். பிறகு மனைவியின் உதட்டைப் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.